ஸின்ஸெண்டார்ப் பிரபுவும் தினச் சீட்டும்

டிசம்பர் மாதம் 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், தாம்பரம் முதல் வண்டலூர் வரையுள்ள திருச்சபைகள் பலவற்றில் ஒரு தட்டு வலம் வருவதை நம் மாணவர்களிற் பெரும்பாலோர் கண்டிருப்பர். அத்தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் ஆட்டுக்குட்டியோ, கலங்கரை விளக்கமோ, பனி மூடிய மலையோ தீட்டப்பட்டு, அதன்கீழ் வேதவசனம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். பாராமல் ஒன்றை எடுப்போர், அவ்வாண்டு முழுமைக்கும் தமக்கென்றே அருளப்பட்ட சொல்லாக அதனைக் கொண்டு, வேதப்புத்தகத்தினுள் பத்திரப்படுத்துவர். வாய்த்த வசனம் மனத்திற்கு ஒவ்வாதபோது, அடுத்திருப்போர் அறியாவண்ணம் அதனைத் தட்டிலிட்டு மற்றொன்றை எடுப்போரும் உண்டு. அன்னாரைக் குறைகூற நாம் முற்படவில்லை. தம் வாழ்க்கைக்கு ஒரு வழிகாட்டும் சொல் வேண்டும் என்னும் தாகம் அவரிடத்தில் மற்றையோரினும் மிக்கிருந்தது போலும்.

இத்தாகம் ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. நம் நாட்டுச் சைவப் பெரியோர் திருமுறை ஏட்டில் கயிறு சார்த்தி, கயிறு நின்ற இடத்துப் பதிகத்தைத் தம் கேள்விக்கு விடையாக ஏற்றனர். சிற்றூர்க் கோயில்களில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொதிந்து, குழந்தையொன்றை எடுக்கச் சொல்லிப் பூக்கட்டிப் பார்த்தல் இன்றும் உண்டு. தெருவோரத்துக் கிளி, கூட்டினின்று வந்து தன் அலகால் எடுத்துக் கொடுக்கும் படச்சீட்டை அறியாதார் யார்? மேனாட்டிலோ, டாரட் என்னும் 78 சித்திரச் சீட்டுகளுள் நாடோறும் காலையில் ஒன்றை உருவி, அதிலுள்ள சித்திரத்தை உற்றுநோக்கி, அன்றைய நாளுக்கு வழி தேடும் வழக்கம் பரவியிருக்கின்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய தேசத்தில் வெறும் விளையாட்டுச் சீட்டாகத் தோன்றிய டாரட்டைக் குறிபார்க்கும் கருவியாக்கியவர் பிரெஞ்சுக்காரர். அதனைப் பண்டை எகிப்தியரின் ஞான நூலென்று அந்நாட்டுப் பண்டிதர் ஒருவர் ஆதாரமின்றி எழுதிய ஆண்டு 1781. இக்காலத்தார் பெரிதும் கையாளும் சித்திரங்களோ, பமெலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணியால் 1909-ஆம் ஆண்டில் வரையப்பட்டவை. ஆதலின், நாளுக்கு ஒரு சீட்டு என்னும் வழக்கத்தை டாரட்டினின்று தொடங்கியதாக நினைப்பவர் வரலாற்றைத் தலைகீழாகக் கற்றவராவர். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஜெர்மனி தேசத்துச் சிற்றூரொன்றில் நாளுக்கு ஒரு சொல் என்னும் ஒழுங்கு ஏற்பட்டுவிட்டது. அதனை ஏற்படுத்தியவர் நிக்கோலாஸ் லூட்விக் ஸின்ஸெண்டார்ப் பிரபு. அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஸின்ஸெண்டார்ப் 1700-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி, ஸாக்ஸனி நாட்டின் தலைநகராகிய டிரெஸ்டனிற் பிறந்தார். பிறந்து ஆறு வாரத்தில் தந்தையை இழந்தார். நான்காம் வயதில் தாயார் மறுமணம் செய்துகொண்டு பிரஷ்ய நாட்டிற்குச் சென்றமையால், ஹென்னர்ஸ்டார்ப் என்னுமிடத்துக் கோட்டையில் பாட்டியாரிடம் வளர்ந்தார். அம்மூதாட்டி கல்வியிலும் பக்தியிலும் சிறந்தவர். சடங்கைக் காட்டிலும் உள்ளன்பே சமயத்தின் உயிர் என்று போதித்த ஸ்பேனர் முதலிய பக்தி நெறியாளர்க்குப் புகலாய் விளங்கியவர். உடன்பிறந்தாரும் விளையாட்டுத் தோழரும் இன்றித் தனித்து வளர்ந்த அச்சிறுவர், இயேசுவுக்குக் கடிதங்கள் எழுதிக் கோட்டையின் சாளரத்தின் வழியே காற்றில் எறிவாராம். 1706-ஆம் ஆண்டில் ஸ்வீடன் படைவீரர் கோட்டைக்குட் புகுந்தபோது, ஆறு வயதுப் பாலகர் தனியே பிரார்த்தித்துக் கொண்டிருந்ததைக் கண்டு வியந்து நின்றனர் என்பதும் கேள்வி. விடை வாராத கடிதங்களை எழுதிய அக்குழந்தையின் உள்ளமே, பிற்காலத்தில் விடை தரும் சீட்டை நாடிய பிரபுவின் உள்ளமாக வளர்ந்தது எனலாம்.

பத்தாம் வயதில் அவர் ஹாலே நகரத்துக் கல்விச்சாலைக்கு அனுப்பப்பட்டார். அதனை நடத்தியவர் பிராங்கே என்னும் பேராசிரியர். தமிழ்நாட்டார்க்கு ஹாலே அயலூரன்று. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் அவ்விடத்துத் தொடர்புடையவர்களே. அவர்கள் எழுதிய கடிதங்கள் ஹாலேயில் அச்சிடப்பட்டன. பிராங்கேயின் உணவு மேசையில் அவை பேசப்பட்டன. அம்மேசையில் உடனிருந்து உண்டவருள் இளம் ஸின்ஸெண்டார்பும் ஒருவர். 1715-ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயரே மலையப்பன் என்னும் தமிழ் இளைஞருடன் ஐரோப்பாவுக்கு வந்து ஹாலேயில் தங்கியபோது, பதினைந்து வயதுச் சிறுவராகிய ஸின்ஸெண்டார்ப் அவரை நேரிற் கண்டார். நெடுந்தொலைவிலுள்ள சோழமண்டலக் கரையின் பெயர் அவர் நெஞ்சிற் பதிந்தது அப்பொழுதே. தோழர் சிலருடன் கூடிக் கடுகுவிதைச் சங்கம் என்னும் இளைஞர் கழகத்தைத் தோற்றுவித்து, உலகத்தார் யாவர்க்கும் அன்பு செய்வதெனப் பொருத்தனை செய்துகொண்டதும் ஹாலேயிலேயே.

குடும்பத்தார் அவரைக் குருத்துவத்துக்கு விடுவதாயில்லை. பிரபுகுலத்தார் அரசாங்க சேவைக்கே உரியர் என்பது அக்காலத்து வழக்கு. ஆதலின் 1716 முதல் விட்டன்பர்க் சர்வகலாசாலையிற் சட்டம் பயின்று, 1719-இல் தேச யாத்திரை புறப்பட்டார். அந்த யாத்திரையின்போது டுஸ்ஸெல்டார்ப் நகரத்துச் சித்திரசாலையில், டொமெனிக்கோ பெட்டி என்னும் இத்தாலியர் தீட்டிய படமொன்றின் முன் நின்றார். முட்கிரீடம் சூடி, பிலாத்துவின் முன் நிற்கும் கிறிஸ்துவின் முகம் அது. படத்தின் கீழே லத்தீன் பாஷையில் எழுதப்பட்டிருந்த வாசகம், இத்தனையும் உனக்காக நான் பட்டிருக்க, நீ எனக்காகச் செய்தது யாது என்று காண்போரை வினவும் கருத்துடையது. பத்தொன்பது வயதுச் செல்வராகிய பிரபு அவ்வினாவுக்கு மறுமொழி கூற இயலாது திகைத்தார். அன்று முதல் தம் வாழ்நாளை அவ்வினாவுக்கே விடையாக்க முயன்றார் என அவர் சரித்திரம் எழுதினோர் யாவரும் கூறுவர்.

இவ்விடத்தில் வாசகர் சற்றே நிற்றல் வேண்டும். அந்தச் சித்திரம் அவர்க்கு எதிர்காலத்தைக் கூறவில்லை. இன்னதைச் செய் என்று கட்டளையிடவுமில்லை. ஒரு கேள்வியை மாத்திரம் அவர் கையிற் கொடுத்து விட்டது. விடை கூறும் படமும் உண்டு, வினவும் படமும் உண்டு. இவ்விரண்டும் மனிதரை வெவ்வேறு வழிகளிற் கொண்டுசெல்லுகின்றன. ஸின்ஸெண்டார்பின் வாழ்க்கையில் இரண்டும் இருந்தமையாலேயே அது நமக்குப் படிப்பினும் பார்வையினும் இனிய பொருளாகின்றது.

யாத்திரையினின்று திரும்பிய பிரபு, தம் உறவினராகிய தியோடோரா என்னும் நங்கையை மணக்க விரும்பினார். அவள் உள்ளம் அவரிடத்து முழுமையாய்ச் செல்லவில்லை. தம் நண்பராகிய ராய்ஸ் பிரபுவும் அவளை விரும்புவதை அறிந்து, தாமே விலகி, அவ்விருவரும் இணைய வழிவிட்டார். பின்னர் அந்நண்பரின் சகோதரியாகிய எர்ட்மூத்தே டொரத்தேயாவை 1722-ஆம் ஆண்டு செப்டம்பரில் மணந்தார். கணவர் கனவு காண்பவர், மனைவியார் கணக்கு எழுதுபவர். பிரபு கைதிறந்து செலவிட்ட பொருளையெல்லாம் பல்லாண்டு காலம் நிருவகித்து அக்குடும்பத்தையும் சபையையும் காத்தவர் எர்ட்மூத்தேயே. பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவருட் பெரும்பாலோரைச் சிறுபிராயத்திலேயே மண்ணுக்குக் கொடுத்த அம்மாதரசியின் சரித்திரம் தனியே எழுதத் தக்கது.

பிரபு தம் பாட்டியாரிடமிருந்து பெர்த்தெல்ஸ்டார்ப் என்னும் பண்ணையை விலைக்கு வாங்கிய ஆண்டும் அதுவே. அண்டை நாடாகிய மொரேவியாவில் ஹஸ் என்பாரின் வழிவந்த சகோதர சபையார், தம் விசுவாசத்திற்காக நெடுங்காலம் ஒடுக்கப்பட்டு ஒளிந்து வாழ்ந்தனர். கிறிஸ்தியான் தாவீது என்னும் தச்சர் அவருட் சிலரை இரவில் எல்லை கடத்தி, பிரபுவின் நிலத்திற் குடியேற்றினார். 1722-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி, குடியிருப்புக்கென முதல் மரம் வெட்டப்பட்டது. அவ்வூர்க்கு ஹெர்ன்ஹூட் என்று பெயர் வைத்தனர். ஆண்டவரின் காவல் என்பது அதன் கருத்து. நாற்றிசையினின்றும் பல கொள்கையினர் வந்து சேர, ஐந்தாண்டிற்குள் ஊர் பிளவுபட்டு நின்றது. டிரெஸ்டனில் அரசாங்க உத்தியோகத்திலிருந்த பிரபு அதனின்று விடுப்புப் பெற்று வந்து, வீடு வீடாய்ச் சென்று சமாதானம் பேசினார். 1727-ஆம் ஆண்டு மே மாதத்தில் அனைவரும் ஒரு பொது ஒழுங்கிற் கையொப்பமிட்டனர். ஆகஸ்டு 13-ஆம் தேதி நடந்த திருவிருந்தில் பகைத்திருந்தோர் ஒருவரையொருவர் கட்டித் தழுவினர். அம்மாத இறுதியில், இரவும் பகலும் மணிக்கு ஒருவராக ஓயாது ஜெபிக்கும் ஏற்பாடொன்று தொடங்கிற்று. அது நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. ஆண்டிறுதி இரவில் விழித்திருந்து ஆராதிக்கும் வழக்கமும் 1733-இல் ஹெர்ன்ஹூட்டிற் தோன்றி, வெஸ்லி ஐயரால் மெதடிஸ்டு சபையிற் புகுந்து, உலகெங்கும் பரவியதேயாகும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். 1728-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி மாலைப் பாட்டு ஆராதனையில், பிரபு ஒரு சிறு வாசகத்தைச் சபையார்க்குக் கொடுத்து, மறுநாள் முழுதும் அதனை மனத்திற் கொண்டிருக்குமாறு கூறினார். போர்வீரர் இரவுக் காவலில் ஒருவரையொருவர் அடையாளம் காண்பதற்குரிய மறைமொழியை ஜெர்மானியர் லோஸுங் என்பர். அப்பெயரையே பிரபு இதற்கும் இட்டார். அன்று முதல் நாடோறும் காலையில் ஒரு சகோதரரோ சகோதரியோ, ஊரிலிருந்த முப்பத்திரண்டு வீடுகளுக்கும் அன்றைய சொல்லை எடுத்துச் சென்றனர். சென்றவர் சொல்லை எறிந்துவிட்டுத் திரும்பவில்லை; வீட்டில் நோயுற்றோர் உண்டோ, பகை உண்டோ, பட்டினி உண்டோ என விசாரித்து மாலையிற் சபைக்கு அறிவித்தனர். ஆகவே அச்சொல் தனியொருவர் தம் அறையிற் கதவடைத்துப் பார்த்துக்கொள்ளும் குறியாக இருக்கவில்லை. ஊர் முழுதும் ஒரே நாளில் ஒரே சொல்லைச் சுமந்தது. எதிர்ப்பட்டவரை நோக்கி, அச்சொல் உமக்கு இன்று எவ்வாறு பொருந்திற்று என்று வினவ முடிந்தது.

1731-ஆம் ஆண்டுக்கு உரிய சொற்கள் முழுவதும் முன்கூட்டியே தொகுக்கப்பட்டுச் சிறு புத்தகமாக அச்சாயின. அதனால், வெளிநாடுகளுக்குப் புறப்பட்ட சகோதரர் எத்தேசத்தில் இருப்பினும் ஹெர்ன்ஹூட்டாருடன் ஒரே சொல்லை ஒரே நாளில் வாசிக்கலாயினர். அந்நாள் தொட்டு இன்றளவும் ஓராண்டும் தவறாது அப்புத்தகம் வெளிவருகின்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் வாசிக்கப்படுகின்றது. இன்றும் ஹெர்ன்ஹூட்டில், ஏறக்குறைய 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்கள் அடங்கிய கிண்ணத்தினின்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டு எடுக்கப்படுகின்றது. ஆனால் அத்துடன் வேலை முடிவதில்லை. சீட்டில் வந்த வசனத்துக்கு இயைந்த புதிய ஏற்பாட்டு வசனமொன்றை ஒருவர் அமர்ந்து, ஆராய்ந்து, தேர்ந்து சேர்க்கின்றார். ஒன்று குலுக்கலில் வருவது, மற்றொன்று சிந்தனையில் வருவது. இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சிடப்படுகின்றன. இவ்வேற்பாட்டின் நயம் நம் உள்ளத்தைக் கவர்கின்றது.

எனினும், ஸின்ஸெண்டார்ப் சீட்டை இவ்வளவோடு நிறுத்தினாரில்லை. சட்டைப்பையில் பச்சை நிறச் சிறு புத்தகமொன்றை வைத்திருந்தார். அதன் ஏடுகள் தனித்தனியே கழற்றத் தக்கவை. ஒவ்வொன்றிலும் ஒரு வசனமோ வாசகமோ இருக்கும். யாதேனும் ஐயம் நேர்ந்தபோது ஓர் ஏட்டை உருவி, அதனை ஆண்டவரின் நேரான தீர்ப்பாகவே கொண்டார். அவர் காலத்து ஜெர்மனியில் இது புதுமையன்று. ஹாலே நெறியினராகிய பொகாட்ஸ்கி என்பார் 1718-இல் தொடங்கி வெளியிட்ட பொற்பேழை என்னும் வசனத் திரட்டும், டெர்ஸ்டேகன் என்னும் ஞானி பக்தரின் லாட்டரி எனப் பெயரிட்டு இயற்றிய சிறு கவிதைச் சீட்டுகளும் வீடுதோறும் வழங்கின. நம் வாக்குத்தத்த அட்டையை இவற்றின் பேரப்பிள்ளை எனல் தகும். ஆயினும், ஆறுதலுக்காக ஒரு சீட்டை எடுப்பது வேறு, தீர்ப்புக்காக எடுப்பது வேறு. பிரபு இரண்டையும் செய்தார்.

தீர்ப்புச் சீட்டு நற்பயன் விளைத்த கதையை முதலிற் சொல்லுவோம். 1731-ஆம் ஆண்டில் டென்மார்க்கு அரசரின் முடிசூட்டு விழாவுக்காகக் கோபன்ஹேகன் சென்ற பிரபு, மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் தாமஸிலிருந்து வந்த ஆண்டன் என்னும் நீக்ரோ அடிமையைச் சந்தித்தார். அத்தீவில் அடிமைகள் படும் துயரையும், அவர்க்கு நற்செய்தி கூறுவார் இன்மையையும் அறிந்து ஹெர்ன்ஹூட்டில் உரைத்தார். அன்றிரவே லெயோனார்டு டோபர் என்னும் இளங் குயவர்க்கு உறக்கம் நீங்கிற்று. தாம் செல்ல விரும்புவதாக அவர் தெரிவிக்க, சபையார் தயங்கினர். வாலிபத்தின் வேகம் என்றே பலரும் கருதினர். ஓராண்டு கழிந்தது. டோபரின் எண்ணமோ மாறவில்லை. இறுதியில், 1732-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பிரபு சீட்டுப் பேழையை அவர் முன் நீட்டினார். டோபர் எடுத்த சீட்டு, பிள்ளையாண்டானைப் போகவிடலாம், ஆண்டவர் அவனுடன் இருக்கின்றார் என்னும் கருத்துடையதாக இருந்தது. ஆகஸ்டு 21-ஆம் தேதி விடியுமுன், டோபரும் நிட்ஷ்மன் என்னும் தச்சரும் புறப்பட்டனர். பிரபு தம் வண்டியில் பவுட்ஸன் நகரம் வரை அவர்களைக் கொண்டுவிட்டார். அங்கிருந்து கோபன்ஹேகனுக்குக் கால்நடையாகவே சென்று, கப்பலேறி, டிசம்பரில் தீவை அடைந்தனர். மொரேவிய சபையாரின் உலகளாவிய மிஷன் வேலை இவ்வாறு தொடங்கிற்று. பிரபு மறையுமுன் இருநூறுக்கு மேற்பட்டோர், கிரீன்லாந்தின் பனிவெளி முதல் தென்னாப்பிரிக்கா வரை அனுப்பப்பட்டனர்.

டோபரின் சீட்டு நல்ல சீட்டாக இருந்ததற்குக் காரணம், அதற்கு முன்னே நின்ற ஓராண்டுக் காத்திருப்பு என்பது நம் கருத்து. வண்டலூரிலிருந்து செங்கற்பட்டு வழியே உத்தரமேரூர் செல்வோர், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் இதற்கு ஒப்பானதொன்றைக் காணலாம். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அச்சாசனங்கள், ஊர் வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலை மூலம் தெரிந்தெடுத்ததைக் கூறுகின்றன. குடத்தில் ஓலையை இடுமுன், நிலமும் மனையும் கல்வியும் வயதும் ஒழுக்கமும் ஆராயப்பட்டன. கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துட் புகவே இயலாது. மனித அறிவு தன் வேலையை முடித்த பிறகே குழந்தையின் கை குடத்துள் நுழைந்தது. திருவுளச்சீட்டு என நம் முன்னோர் இட்ட பெயர்க்கு இதனினும் தகுந்த இலக்கணம் வேண்டுவதில்லை.

அவ்வறிவு தன் வேலையைச் சீட்டின் தலையிற் கட்டிய இடங்களில் விளைவு வேறாயிற்று. மொரேவியரிடம் சீட்டுப் போடக் கற்ற வெஸ்லி ஐயர், ஜார்ஜியாவில் ஸோபியா என்னும் பெண்ணை மணப்பதா என்று ஐயுற்று, 1737-இல் நண்பர் ஒருவருடன் மூன்று சீட்டுகள் எழுதிப் போட்டார். அதனை இனி நினையாதே என்னும் கருத்துடைய சீட்டு வந்தது. சில நாட்களில் அப்பெண் வேறொருவரை மணந்தாள். அதன்பின் எழுந்த மனக்கசப்பும் வழக்கும் அவரை அந்நாட்டைவிட்டே வெளியேறச் செய்தன. சீட்டு அவர் உள்ளத்தை ஆற்றவில்லை என்பது தெளிவு. மொரேவிய சபையிலோ, பிரபுவின் காலத்திற் புகுந்து அவருக்குப் பின் இறுகிய விதியொன்றின்படி, விவாகங்கள் சீட்டுக்கு விடப்பட்டன. ஆம் என்று ஒன்று, அன்று என்று ஒன்று, எழுதாத வெற்றுச் சீட்டு ஒன்று. வெற்றுச் சீட்டு வந்தால் காத்திருத்தல் வேண்டும். ஆம் என்று வந்த பின்னரும் மறுக்கும் உரிமை மணமக்களுக்கு இருந்தது. அன்று என்று வந்தாலோ அப்பேச்சு அத்துடன் முடிந்தது. இவ்வாறு மணந்து இனிது வாழ்ந்தோர் பலர். மனம் ஒருப்பட்டிருந்தும் ஒரு துண்டுக் காகிதத்தாற் பிரிக்கப்பட்டுச் சபையை விட்டே நீங்கினோரும் உளர். முறையீடு பெருகவே, 1818-ஆம் ஆண்டு மாமன்றத்தில் பொதுச் சபையார் இவ்விதியினின்று விடுவிக்கப்பட்டனர். 1889-இல் தீர்ப்புச் சீட்டு முற்றிலும் கைவிடப்பட்டது. தினச் சொல் நிலைத்திருக்க, தீர்ப்புச் சீட்டு மறைந்ததை இளைஞர் நோக்குக.

பிரபுவின் பிற்கால வாழ்க்கை அலைச்சலும் அல்லலும் நிறைந்தது. பகைவர் தூண்டுதலால் 1736-இல் ஸாக்ஸனி அரசாங்கம் அவரை நாடு கடத்திற்று. 1737-இல் பெர்லினில் மொரேவிய சபையின் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1739-இல் செயின்ட் தாமஸ் சென்று, தம் மிஷனெரிகள் சிறையிலிருப்பதைக் கண்டு விடுவித்தார். 1741-இல் அமெரிக்கா சென்று, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் பென்ஸில்வேனியாவில் ஒரு குடியிருப்புக்குப் பெத்லகேம் எனப் பெயரிட்டார். இவையெல்லாம் விரிக்கிற் பெருகும்.

ஒன்றை மாத்திரம் மறைத்தற்கில்லை. நாடு கடத்தப்பட்ட காலத்தில் அவர் அடியார் வெட்டராவ் பகுதியில் ஹெர்ன்ஹாக் என்னும் ஊரை அமைத்தனர். 1740-களின் பிற்பகுதியில், பிரபுவின் மகன் கிறிஸ்தியான் ரெனாட்டுஸின் தலைமையில், அங்கிருந்த இளைஞரிடையே பக்தி கரைகடந்தது. கிறிஸ்துவின் திருவிலாவின் காயத்தைச் சிறு வர்ணச் சீட்டுகளில் தீட்டி, அக்காயத்தினுள்ளே தாம் குடியிருப்பதாகவும் உண்டு உறங்குவதாகவும் சித்திரித்து மகிழ்ந்தனர். விளக்கலங்காரமும் விழாவும் குழந்தைப் பேச்சும் மிகுந்து உழைப்பும் ஒழுங்கும் குன்றின. இத்தகைய மொழியைத் தொடங்கிவைத்தவர் பிரபுவே. ஆயினும் எல்லை கடந்ததை உணர்ந்து, 1749-இல் கடுமையான நிருபம் எழுதி, மகனையும் பதவியினின்று நீக்கி லண்டனுக்கு அழைத்துக்கொண்டார். அவ்வூரும் அடுத்த சில ஆண்டுகளிற் குடிநீங்கிற்று. கிறிஸ்தியான் ரெனாட்டுஸ் 1752-ஆம் ஆண்டு மே மாதத்தில், இருபத்தைந்தாம் வயதும் நிறையுமுன், லண்டனிற் காலமானார். டுஸ்ஸெல்டார்பிற் கண்ட படமும் கிறிஸ்துவின் காயத்தைக் காட்டியதே. ஹெர்ன்ஹாக்கின் சிறு படங்களும் அதனையே காட்டின. முன்னது பார்த்தவரை எழுப்பி வெளியே அனுப்பிற்று. பின்னவை பார்த்தவரைத் தாலாட்டி உள்ளே இருத்தின. தந்தையாகிய பிரபுவுக்கு அவ்வேறுபாடு எத்துணை விலையில் விளங்கிற்று என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

மகனை இழந்த துயருடன் கடன் சுமையும் சேர்ந்தது. 1753-இல் இங்கிலாந்தில் சபையின் கடன் முறியும் நிலையை எட்டிற்று. எர்ட்மூத்தே அம்மையார் 1756-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மறைந்தார். மறு ஆண்டில், நெடுங்காலமாய்ச் சபை வேலையிற் துணைநின்ற அன்னா நிட்ஷ்மன் என்பவரைப் பிரபு மணந்து, ஹெர்ன்ஹூட்டில் எளிய வாழ்வு வாழ்ந்தார். கடைசிவரை அவர் விடாத வேலை தினச் சொற்களைத் தொகுத்தலே. 1760-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், நோயுறும் தறுவாயிலும், அடுத்த ஆண்டுக்குரிய புத்தகத்திலேயே கருத்தாயிருந்தார். அம்மாதம் 9-ஆம் தேதி உயிர் நீத்தார். விதைத்தவன் தன் அரிக்கட்டுகளுடன் மகிழ்ந்து திரும்புவான் என்னும் கருத்துடைய வசனமே அன்றைய தினச் சொல்லாக அமைந்திருந்ததென அவர் சபையார் எழுதி வைத்துள்ளனர். பல தேசங்களிற் பணியாற்றிய குருமாரும் மிஷனெரிகளுமாக முப்பத்திருவர் அவரது பெட்டியைச் சுமந்தனர். அன்னா அம்மையாரும் பன்னிரண்டு நாளில் அவரைப் பின்தொடர்ந்தார்.

தினச் சொல்லை எவ்வாறு கையாளுதல் தகும் என்பதற்குப் பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றை இடையிலே குறிப்பிட விரும்புகின்றோம். ஹிட்லரின் ஆட்சியினின்று தப்பி 1939-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயார்க்கு சேர்ந்த போன்ஹோபர் என்னும் ஜெர்மானியக் குரு, அங்கே பாதுகாப்பாகத் தங்குவதா, துன்புறும் தம் மக்களிடம் திரும்புவதா என்று அலைக்கழிந்தார். திரும்புவதென அம்மாதம் 20-ஆம் தேதி முடிவு செய்தார். ஆறு நாள் கழித்து, மாரிக்காலத்திற்கு முன் வந்து சேருமாறு பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவை வேண்டிய வசனத்தை வாசித்தபோது, அது நாள் முழுதும் தம்மை விட்டகலவில்லை என்று குறித்து வைத்தார். ஜூலையிற் கப்பலேறிய அவர், 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். முடிவைச் செய்தவர் அவர். வசனம் அவருடன் நடந்தது.

மீண்டும் 1760-க்குத் திரும்புவோம். நிக்கோபார்த் தீவுகளிற் குடியேற ஆள் வேண்டுமென டென்மார்க்கு அரசாங்கத்தார் கேட்டதற்கிணங்கி, பிரபு தம் இறுதிக் காலத்தில் ஒரு கூட்டத்தாரைக் கீழ்த்திசைக்கு அனுப்பியிருந்தார். அப்பதினான்கு சகோதரரும் ஜூலை மாதத்தில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினர். தங்களை அனுப்பியவர் மண்ணிற் புதைக்கப்பட்டு இரண்டு மாதமாகியும், அச்செய்தி அவர்களுக்கு எட்டியிருக்க வழியில்லை. அங்கிருந்த ஹாலே மிஷனெரிகள் அவர்களை மகிழ்ந்து வரவேற்கவில்லை. ஹாலேக்கும் ஹெர்ன்ஹூட்டுக்கும் இடையே மூண்டிருந்த பழம் பிணக்குக் கடல் கடந்தும் தொடர்ந்தது. பொறையாற்றின் அருகே நிலம் வாங்கி, மரம் நட்டு, வீடு கட்டி, கைத்தொழிலாற் பிழைத்தனர். அவ்விடம் சகோதரர் தோட்டம் எனப் பெயர் பெற்றது. 1768 முதல் 1787 வரை நிக்கோபார்த் தீவுகளில் முயன்று, காய்ச்சலாற் பலரை இழந்து திரும்பினர். ஹாலேயின் உணவு மேசையிற் சிறுவராய் அமர்ந்து தரங்கம்பாடியின் பெயரைக் கேட்ட பிரபு, அவ்வூரை ஒருநாளும் கண்டாரில்லை. அவர் அனுப்பியவர்கள் குடியேறிய தோட்டத்திலிருந்து, சீகன்பால்கு ஐயர் 1718-இற் கட்டி முடித்து, மறு ஆண்டில் அடக்கம் செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் காலை நடைத் தொலைவிலேயே இருந்தது.